ஆமை பேசி முடிக்கும்வரை

ஒரு காட்டில் ஒரே ஒரு குளம்தான் இருந்தது, குழந்தைகளே. முன்பெல்லாம் பலசாலிகள் முதலில் குடித்து, கலக்கிவிட்டுப் போவார்கள். எளியவர்களுக்குச் சேறுதான் மிஞ்சும்.

ஒருநாள் எல்லா விலங்குகளும் கூடிப் பேசிச் சட்டம் வகுத்தன. குளம் எல்லோருக்கும் பொது. தலைவியான யானைக்கும் வரிசைதான். குற்றம் செய்தவரைக் குளத்தைவிட்டு விரட்டலாம். ஆனால் அவர் சொல்வதைக் கேட்காமல் விரட்டக் கூடாது. அவர் பேசி முடிக்கும்வரை யாரும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குடித்துவிட்டால் பாதிப் பேர் கேட்காமலே நழுவிவிடுவார்களே, அதற்காகத்தான்! அப்படி யோசித்து வைத்தவர்கள் நன்றாக இருக்கட்டும்.

கடுமையான கோடை வந்தது. ஒருநாள் மயில் அழுதுகொண்டே குளக்கரைக்கு வந்தது.

"பாறை உச்சியில் வைத்திருந்த என் முட்டைகளை யாரோ தின்றுவிட்டார்கள்!"

"ஆமைதான்! காலையில் பாறையடியில் பார்த்தேன்" என்றது நரி.

ஆமை வாயைத் திறந்தது. "நான்... அந்த... பாறை..."

"ஐயையோ! இவன் முடிப்பதற்குள் நம் உயிர் போய்விடும். தலைவி, இந்த ஒரு சட்டத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். ஆமையை விரட்டிவிட்டு நிம்மதியாகக் குடிக்கலாம்!" என்றது நரி.

தாகத்தில் பல தலைகள் ஆடின. வேறு தண்ணீர் இல்லாத காட்டில் ஆமை எங்கே போகும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

யானை சொன்னது: "எல்லோரும் சேர்ந்து வகுத்ததை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. எனக்கும்தான் நாக்கு வறள்கிறது. ஆமையே, நீ நிதானமாகப் பேசு."

ஆமை முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. "அந்தப் பாறையில் ஏறினால் நான் மல்லாந்து விழுவேன். நிமிர்த்திவிட யார் வருவீர்கள்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மயில் மட்டும் நரியைப் பார்த்து அலறியது.

"அதன் வாயைப் பாருங்கள், மஞ்சளாக ஒட்டியிருக்கிறது! என் முட்டைக் கருதான்!"

"விரட்டுங்கள்!" என்று கரடி பாய்ந்தது. நரி பின்வாங்கிக் கெஞ்சியது.

"நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்!"

"இப்போதுதானே அந்தச் சட்டமே வேண்டாம் என்றாய்?" என்றது கரடி.

அப்போது கீழேயிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. "நரி... பேசட்டும். நான்... காத்திருக்கிறேன்" என்றது ஆமை.

நரி வாயை அகலத் திறந்தது. "நான் தின்றது மாம்பழம். பல்லிடுக்கில் பாருங்கள். முட்டையில் நார் இருக்குமா?"

யானை தும்பிக்கையை நீட்டி மோந்து பார்த்தது. "மாம்பழம்தான்!"

அந்த நேரத்தில் வரிசையின் கடைசியில் இருந்த உடும்பு மெல்ல நழுவியது.

"இந்தத் தாகத்தில் குடிக்காமல் எங்கே போகிறாய்?" என்றது யானை. உடும்பின் உதட்டில் முட்டை ஓடு ஒட்டியிருந்தது. அதையும் பேசச் சொன்னார்கள். தின்றது தான்தான் என்று அது ஒப்புக்கொண்டது. உடும்பு மட்டும் குளத்தைவிட்டு வெளியேறியது.

தன் முறை வந்ததும் நரி விலகி நின்றது. அதன் கண்கள் கலங்கியிருந்தன.

"ஆமை அண்ணா, முதலில் நீங்கள் குடியுங்கள். உங்களால்தான் எனக்கு இந்தக் குளம் மிஞ்சியது."

"என்னால் இல்லை தம்பி. நீ எடுக்கச் சொன்ன சட்டத்தால்" என்றது ஆமை.

பிறகு ஆமை குனிந்து, மெதுவாக, மிக மெதுவாகக் குடித்தது. நரி ஒரு வார்த்தைகூட முணுமுணுக்காமல் காத்திருந்தது.

நீதி: அடுத்தவருக்காக நாம் காக்கும் உரிமையே ஒருநாள் நம்மையும் காக்கும்.