ராஜா கேட்ட அரிசியில்லாப் பலகாரம்

வெகு காலத்துக்கு முன்னே மருதக்குன்றம் என்ற நாட்டைச் செங்கோடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவர் செங்கோலைப் பிடித்த நேரத்தைவிடத் தோசையைப் பிடித்த நேரம்தான் அதிகம் என்று ஊரார் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். காலையில் தோசை, மத்தியானம் சோறு, சாயங்காலம் பணியாரம், ராத்திரி மறுபடியும் தோசை. இப்படித் தின்று தின்று ராஜாவுக்கு நீரிழிவு வந்துசேர்ந்தது. இடது காலில் பட்ட சின்னக் காயம் மாதக்கணக்கில் ஆறவில்லை.

"இனி தானியம் என்பது ஒரு பருக்கைகூட உள்ளே போகக்கூடாது. போனால் காலையே எடுக்க வேண்டிவரும்" என்று சொல்லிவிட்டார் அரண்மனை வைத்தியர்.

அன்றிலிருந்து ராஜாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சிம்மாசனத்தில் உட்காருவார், உடனே எழுவார், புண்பட்ட காலை இழுத்துக்கொண்டே சபையைச் சுற்றிவருவார். வரப்புத் தகராறு சொல்ல வந்தவனிடம், "அது கிடக்கட்டும், இன்று உன் வீட்டில் என்ன பலகாரம்?" என்பார். அவர் நடக்க, பின்னாலேயே சபை முழுக்க நடக்கும்.

"கறி தின்கிறேன், மீன் தின்கிறேன், நெய்யைக் குடிக்கிறேன். ஆனால் குழம்பில் முக்கித் தின்ன ஒன்றுமில்லையே, ஓய். கை சும்மா கிடக்கிறதே" என்று மந்திரி தில்லைவிடங்கரிடம் புலம்புவார்.

சிறுவயதில் ராஜாவோடு ஒன்றாக மரமேறி விழுந்தவர் மந்திரி. காலில்லாத செங்கோடவர்மனை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சமையற்காரர்களும் சும்மா இருக்கவில்லை. வாழைத்தண்டைப் பொடியாக நறுக்கிச் சோறு என்றார்கள். பூசணியைத் துருவி இடியாப்பம் என்றார்கள். தேங்காய்ப்பூவை அவித்து இட்லி என்றார்கள். அது தட்டிலிருந்து இலைக்கு வருவதற்குள் உதிர்ந்துபோனது. எல்லாவற்றையும் ராஜா ஒதுக்கித் தள்ளினார்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. மடைப்பள்ளி அதிகாரி வல்லபராயர் ராஜாவின் எதிரே ஒரு வாய் தின்று, விஷமில்லை என்று காட்டிவிட்டு, பண்டத்தின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. ராஜா உண்டது போக மிஞ்சியதெல்லாம் வல்லபராயர் வீட்டுக்குப் போகும். நெய்த்தோசை போய்க்கொண்டிருந்த வீட்டுக்கு இப்போது வாழைத்தண்டு போயிற்று. அங்கே தினமும் சண்டை.

அதனால் வல்லபராயர் ஒரு காரியம் செய்தார். வருகிற பண்டத்தில் நகக்கண் அளவு கிள்ளி நாக்கில் வைப்பார். முகம் வேப்பங்காயைக் கடித்தவர்போலச் சுருங்கும். அப்புறம், "தோசை மாதிரியே இருக்கிறது, மகாராஜா" என்று ஒரு பெருமூச்சு விடுவார். அதோடு ராஜாவின் பசி போய்விடும்.

ஒருநாள் ராஜாவுக்குப் பொறுமை தீர்ந்தது. "போதும். வெள்ளிக்கிழமைக்குள் என் வயிறு நிறைகிற மாதிரி, தானியமில்லாத பலகாரம் ஒன்று வரவேண்டும். வராவிட்டால் சனிக்கிழமை காலையில் நெய்த்தோசைதான். கால் போனால் போகட்டும்."

வல்லபராயர் பவ்வியமாகக் குனிந்தார். "மந்திரியாருக்கு இல்லாத மூளையா, மகாராஜா? அவரே செய்துகாட்டட்டும். முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடட்டும்."

"சம்மதம்" என்றார் மந்திரி. "ஆனால் அன்றைக்கு ருசிபார்க்கும் வேலை என்னுடையது."

வெள்ளிக்கிழமை வந்தது. மூடியிட்ட தட்டோடு மந்திரி வந்தார். பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையும் வறுத்த எள்ளும் அரைத்து, முட்டை அடித்து ஊற்றி, கல்லில் மெல்லிசாகச் சுட்ட வட்டங்கள். பக்கத்தில் ஆட்டுக்கறிக் குழம்பு.

மந்திரி ஒன்றை எடுத்தார், கிழித்தார், குழம்பில் முக்கி வாயில் போட்டார். இன்னொரு துண்டு கிழித்தார்.

"விஷம் இருக்கிறதா, இல்லையா?" என்றார் ராஜா.

"இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை, பிரபு. மெதுவாக வேலை செய்யும் விஷமும் உண்டல்லவா?" மந்திரி முதல் வட்டத்தை முடித்துவிட்டு இரண்டாவதை எடுத்தார்.

"ருசிபார்ப்பது ஒரு வாய்தான்" என்று வல்லபராயர் பதறினார். "பெயரைச் சொல்லும், ஐயா."

"பெயரா? இன்னும் வைக்கவில்லையே" என்று மந்திரி விரலை நக்கினார்.

ராஜா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மந்திரியின் கை தட்டுக்கும் வாய்க்கும் போய்வர, ராஜாவின் கண்ணும் கூடவே போய்வந்தது. மூன்றாவது வட்டத்தில் மந்திரி கைவைத்ததும் ராஜா தட்டையே பிடுங்கிக்கொண்டார்.

பிறகு சபையில் மெல்லும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ராஜா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கடைசித் துண்டால் கிண்ணத்தின் அடிக்குழம்பையும் வழித்தெடுத்த பிறகு ஒரு பெரிய ஏப்பம் வந்தது.

"மகாராஜா, ஆனால் இது தோசை இல்லையே" என்றார் வல்லபராயர்.

"தோசை என்று யார் சொன்னது? இத்தனை நாளும் நீர் சொல்லித்தானே எனக்குத் தோசை ஞாபகமே வந்தது" என்ற ராஜா, வெறும் தட்டை அவர் கையில் கொடுத்தார். "வழக்கப்படி மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போம். நாளையிலிருந்து ருசிபார்க்கும்போது உம் முகம் சுருங்கினால், அந்தப் பண்டம் முழுவதையும் நீரே தின்ன வேண்டும்."

சபை சிரித்தது. வல்லபராயர் வெறும் தட்டைச் சுமந்துகொண்டு போனார்.

"உண்மையைச் சொல்லும், ஓய்" என்று ராஜா மந்திரியை அருகே அழைத்தார். "அப்படி ரசித்துத் தின்றீரே, நடிப்புத்தானே?"

"உங்களிடம் நடித்து நான் எப்போது தப்பித்திருக்கிறேன், பிரபு? முந்தாநாளிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் குடித்தேன். அந்தப் பசிக்கு அது அமிர்தம்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. ஆறாத காலை ஒருதரம் பார்த்துக்கொண்டார். "என்ன வேண்டுமோ கேளும்."

"எனக்கா? ஒரு குண்டான் சுடுசோறு, பிரபு. இன்னும் பசி தீரவில்லை."

ராஜா எச்சிலை விழுங்கினார். "தருகிறேன். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தின்னும்."