நிலாத்தொட்டிலும் கரும்பொட்டும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், நிலா இன்னும் தென்னை உயரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்த நாளில், சாயாபுரி என்றொரு ராஜ்யம் இருந்தது. அங்கே குழலி என்று ஓர் இளம்பெண். அவளுக்கு ஒரு கைக்குழந்தை, பெயர் சிட்டு. குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, கன்னத்தில் கரும்பொட்டு வைத்த பிறகுதான் குழலி அதை வாசலுக்கே கொண்டுவருவாள்.

ஒருநாள் வர்ணகேது என்ற ஓவியன் வந்தான். அவன் மந்திரவாதி என்று யாருக்குத் தெரியும்?

"அம்மணி, இந்த அழகை வரைஞ்சே ஆகணும். ஆனா கன்னத்துல இந்தக் கறை எதுக்கு? துடைச்சுடட்டுமா?"

தன் பிள்ளையை ஒருவர் அழகென்றால் எந்தத் தாய்க்குத்தான் மனசு குளிராது? "துடைங்களேன்" என்றாள் குழலி.

துடைத்தான். தூரிகையை எடுத்தான். கடைசிக் கோடு விழுந்ததும் அவள் மடி காலி. குழந்தை படத்துக்குள் போய்விட்டது. படத்தோடு ஓவியனும் மறைந்துவிட்டான்.

ஆற்றங்கரையில் தேடினாள். சந்தையில் தேடினாள். சத்திரத்தில் தேடினாள். கடைசியில் தலைநகரில் தண்டோரா கேட்டது: "வர்ணகேது ஒருவரே வரைந்த ஓவியங்களின் கண்காட்சி! காண வாருங்கள்!"

ஓடினாள். மண்டபம் முழுக்க எண்ணெய்ச் சாயப் படங்கள், எல்லாம் கனவுபோல. ஒன்றில் வானத்தில் ஒரு படகு. அதை ஓட்டும் மீனவன் முகம் திரும்பவேயில்லை. ஒன்றில் மீனின் வயிற்றில் ஒரு கதவு. கதவிடுக்கில் ஒரு மணப்பெண். கடைசியில் வேரில்லாத மரம். அதன் கிளையில் நிலாவே தொட்டிலாகத் தொங்கியது. தொட்டிலில் சிட்டு!

"கண்ணே, அம்மா வந்திருக்கேன்."

படத்தில் சிட்டுவின் கண் ஈரமாக மின்னியது. பார்த்த கூட்டம் "ஆகா!" என்றது. குழலிக்கு மார்பில் பால் கட்டி வலித்தது.

மறுநாளும் வந்தாள். "கண்ணே, அம்மா வந்திருக்கேன்." கூட்டம் "ஆகா!" என்றது. சிட்டுவின் கண்ணில் நேற்றிருந்த ஈரம் இன்று இல்லை.

"அழுதா ஆச்சா?" என்றது ஒரு குரல். தூணில் ஓர் அணில், வால் மொட்டை. "சிரிக்காதே பொண்ணே. என் வாலைப் பிடுங்கித்தான் அந்தப் பாவி தூரிகை கட்டினான்."

"நான் எங்கே சிரிச்சேன்?"

"எல்லாரும் சிரிக்கிறாங்க, அதான் முன்கூட்டியே சொன்னேன். கேளு. இவன் சாயம் காத்துல காயாது, வெயில்ல காயாது. கண்ணு பட்டுத்தான் காயும். ஒவ்வொரு 'ஆகா'வுக்கும் கொஞ்சம். நாளைக்கு ராஜா வர்றார். அவர் 'ஆகா'ன்னா முழுசும் காஞ்சிடும். அப்புறம் உன் பிள்ளை வெறும் படம்தான்."

"கண்ணு பட்டா?" குழலி நிமிர்ந்தாள். கண் படாமலிருக்க என்ன செய்யணும் என்று அவளுக்கா தெரியாது?

மூன்றாம் நாள் மேளதாளத்தோடு ராஜா வந்தார், பக்கத்தில் வர்ணகேது. படகைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். நிலாத்தொட்டில் முன்னால் நின்று வாயைத் திறந்தார். "ஆ..."

குழலி காவலரை இடித்துக்கொண்டு பாய்ந்தாள். படத்தடியில் எரிந்த விளக்கின் கரியை விரலில் வழித்தாள். ரவிக்கையை நனைத்த பாலில் குழைத்தாள். "கண்ணே, அம்மா வந்திருக்கேன்!" சிட்டுவின் கன்னத்தில் ஒரு பொட்டு.

"ஐயையோ, படம் பாழாச்சே!" என்றார் ராஜா.

அவ்வளவுதான். சாயம் இளகி வழிந்தது. முதலில் ஒரு பிஞ்சுக் கை. பிறகு ஒரு கால். பிறகு வீறிட்டழும் வாய், நேராக அம்மாவின் மார்புக்கு. "கெடுத்தாளே!" என்று அலறிய வர்ணகேது, நிறமெல்லாம் வடிந்து, வெற்றுத் திரைச்சீலையாகச் சரிந்தான். காவலர் சுருட்டி எடுத்துப் போனார்கள்.

நடந்ததைக் கேட்டு ராஜா கண் கலங்கினார். "என்ன வேணுமோ கேள், தாயே."

"இன்னும் கொஞ்சம் கரி, மகாராஜா. மத்த படங்கள்லயும் ஆள் இருக்கு."

படம் படமாகப் பொட்டு வைத்தாள். மீனவன் திரும்பிப் பார்த்தான். மணப்பெண் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அணிலுக்கு வால் முளைத்தது. அன்று முழுக்க அது யாரோடும் பேசவில்லை, வாலையே பார்த்துக்கொண்டிருந்தது.

சிட்டு வளர்ந்தாள். "போதும்மா, எனக்கென்ன சின்ன வயசா?" என்று முகத்தைத் திருப்புவாள். ஆனாலும் யாராவது "அழகு" என்றால் போதும், குழலியின் விரல் அந்தக் கன்னத்தைத் தேடும்.

கதை இதுதான். உங்கள் வீட்டுத் தொட்டிலையும் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.