மாடியில யாரு நடக்கா?

தூத்துக்குடியில ஒரு கேமிங் சென்டர். பத்து கம்ப்யூட்டர், செவத்துல ஒரு பெரிய டிவி. அங்க துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுற டீமுக்கு கேப்டன் ரெனிட்டா. வயசு பத்தொன்பது, காலேஜ் ரெண்டாவது வருஷம். அவகிட்ட கத்துக்கிட வந்தவரு செல்வின். வயசு முப்பத்திமூணு. ஹார்பர்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறாரு.

டீமுக்கு நாலு பேரு வேணும். நாலாவது ஆளு வேலை கெடச்சு துபாய் போயிட்டான். அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாளு. அன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள புதுப் பேர அனுப்பணும். அந்த நாலு பேருதான் சென்னையில ஸ்டேட் மேட்ச் ஆடுவாங்க.

செல்வினுக்கு அந்த எடம் வேணும். ஆறு வருஷமா அந்த மேட்ச போன்ல மட்டும் பாத்துட்டு இருக்காரு.

"கேப்டன், மொதல்ல என்ன சொல்லித் தருவ? ஓடி வந்து தரையில சறுக்கிக்கிட்டே சுடுவியே, அந்த ஸ்லைடு ஷாட்டா?"

"மொதல்ல துப்பாக்கிய கீழ போடுங்கண்ணே."

போட்டாரு. கேமுக்குள்ள ரெண்டு மாடி வீடு ஒண்ணு. வேற ஆளே கெடையாது. ரெனிட்டா அவர கீழ ரூமுல, மூஞ்சி செவத்த பாத்தாப்புல நிக்க வெச்சா.

"நான் வீட்டுக்குள்ள நடப்பேன். ஹெட்போன்ல காலடிச் சத்தம் கேட்டு, எங்க நடக்கேன்னு சொல்லுங்க. திரும்பக் கூடாது."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

செல்வினுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "ஏ புள்ள, என் ரேங்க் என்னன்னு தெரியுமா? இந்த ஊருல மூணே பேருதான் அந்த ரேங்க்ல இருக்கோம்!"

"தெரியும்ணே. செவத்த பாருங்க."

சென்டர் ஓனர் அபு கல்லாவுல இருந்து சத்தம் குடுத்தாரு. "மாப்ள, செவத்துக்கு வெள்ளை அடிச்சிராத!"

அதே எடத்துக்கு இசக்கின்னு ஒருத்தனும் வந்திருந்தான். செராக்ஸ் கடையில வேலை. ரேங்க் ரொம்பக் கீழ. அவனுக்கும் அதே செவரு. அவன் எதுவும் கேக்கல. கண்ண மூடிக்கிட்டு நிப்பான். "படி... பலகை... இப்ப தகரம்"ன்னு மொணங்குவான். பாதி தப்பாத்தான் இருக்கும்.

மூணு நாள் ஆச்சு.

"கேப்டன், ஸ்லைடு ஷாட்டு எப்ப?"

"செவத்த பாருங்கண்ணே."

அஞ்சாவது நாள் செல்வினுக்குப் பொறுக்கல. ஒரு காதுல சின்ன இயர்போன மாட்டி, பாட்டு போட்டு, அதுக்கு மேல ஹெட்போன மாட்டிக்கிட்டாரு. பாட்டு ஓடுனாத்தான் அவருக்குக் கை ஓடும். எப்பவும் அப்படித்தான் ஆடுவாரு.

"இப்ப எங்க நடக்கேன்?"

"மாடியில. ஜன்னல் பக்கம்."

அபு எட்டிப் பாத்தாரு. ரெனிட்டா நடக்கவே இல்ல. ரெண்டு கையையும் கீபோர்டுல இருந்து எடுத்து மடியில வெச்சிருந்தா.

"இப்ப?"

"படியில எறங்குற. கரெக்டா?"

ரெனிட்டா எந்திரிச்சு தண்ணி குடிக்கப் போனா.

அன்னைக்கே செல்வின் வீட்டுல வீடியோ பாத்து ஸ்லைடு ஷாட்ட தானாவே பழக ஆரம்பிச்சாரு.

ஞாயித்துக்கிழமை மதியம் ஆள் எடுக்க டெஸ்ட் மேட்ச். செல்வினும் இசக்கியும் ரெனிட்டா பக்கம். செல்வின் பதினோரு பேர சுட்டாரு. பதினொண்ணு! அதுல ஆறு சறுக்கிக்கிட்டே. பசங்க மேசையில தட்டி கத்துனாங்க. இசக்கி ஒருத்தனக் கூட சுடல. மேட்ச் முடியுற வரைக்கும் உசுரோட இருந்தான், அவ்ளோதான்.

"பேர எழுதும்மா!" அபு கூவுனாரு. "இதுக்கு மேல என்ன வேணும்?"

ரெனிட்டா செல்வின பாத்தா. "அண்ணே, எங்கூட ஒரு ரவுண்டு வாங்க. அந்த வீட்டுக்குள்ள. நீங்களும் நானும் மட்டும்."

செல்வின் சிரிச்சாரு. "ஜெயிச்சா பேரு எனக்குத்தான?"

"ஒங்களுக்குத்தான்."

ரவுண்டு ஆரம்பிச்சுச்சு. ரெனிட்டா கைய நீட்டி அவ மானிட்டர ஆஃப் பண்ணா.

பசங்க சேர விட்டு எந்திரிச்சு வந்தாங்க.

"ஏட்டி, என்ன பண்ற?" அபு பதறிட்டாரு.

அவ ஆட்டம் பின்னாடி பெரிய டிவியில ஓடிச்சு. பசங்களுக்கெல்லாம் தெரிஞ்சுச்சு, ஆடுற ரெண்டு பேருக்கும் தெரியல. அடிய எண்ணி நடந்து போயி கீழ ரூமு மூலையில நின்னா. துப்பாக்கிய வாசலுக்கு நேரா வெச்சா. அப்புறம் அசையவே இல்ல.

"அண்ணன் பின்வாசல் வழியா வந்துட்டாவ."

அவ குரல் செல்வினோட ஹெட்போனுக்குள்ள கேட்டுச்சு. அவரு நெசமாவே பின்வாசல்லதான் நின்னாரு.

"மாடிக்குப் போறாவ. பாதிப் படியில நின்னுட்டாவ."

செல்வின் பாட்ட நிறுத்துனாரு. உத்துக் கேட்டாரு. வீட்டுக்குள்ள ஒரு சத்தமும் இல்ல. இவ எங்க இருக்கா?

"ரீலோட் பண்றாவ. ஒரு குண்டு கூட சுடலயே, எதுக்குண்ணே?"

பசங்க சிரிச்சுட்டாங்க. செல்வின் கீழ ஓடி வந்தாரு. எல்லா ரூமையும் பாத்தாச்சு, இது ஒண்ணுதான் மிச்சம். ஓடி வந்து வாசல்ல சறுக்குனாரு.

ஒரே ஒரு குண்டு.

அவரு ஸ்கிரீன் செவந்து போச்சு. ரெனிட்டாவோட மானிட்டர் இன்னும் கருப்பாத்தான் இருந்துச்சு.

"யா அல்லா"ன்னு அபு அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டாரு.

"அதிர்ஷ்டம்! இன்னொரு தடவ!" செல்வின் கத்துனாரு.

இன்னொரு தடவ ஆடுனாங்க. இந்தத் தடவ சறுக்கல. ஒவ்வொரு அடியா மெதுவா வெச்சு, முன்வாசல் வழியா வந்தாரு. அந்த ரூமு கதவத் தொறந்தாரு. கதவு சத்தம் முடியுறதுக்குள்ள ஸ்கிரீன் செவந்துருச்சு.

மூணாவது தடவ ஆரம்பிக்கும்போது அவரு மவுஸ்ல கையே வெக்கல.

மணி அஞ்சே முக்கால். ரெனிட்டா மானிட்டர ஆன் பண்ணா. ஃபாரத்துல நாலாவது பேர டைப் பண்ணா. இசக்கி.

"அவனா?" செல்வின் ஹெட்போன கழட்டுனாரு. "அவன் ஒருத்தனக் கூட சுடலயே கேப்டன்!"

"ஆமாண்ணே. ஆனா நான் செத்திருக்க வேண்டிய எடம் மூணு. மூணுலயும் 'பின்னாடி ஆளு'ன்னு அவன்தான் சொன்னான். ஒங்க கிட்டயும் ரெண்டு தடவ சொன்னான்."

செல்வின் இசக்கிய பாத்தாரு. இசக்கி தலைய குனிஞ்சுக்கிட்டான்.

"எங்கிட்டயா? எப்ப?"

ரெனிட்டா அவரு காதுல இருந்த சின்ன இயர்போன பாத்தா. ஃபாரம் போயிருச்சு. பசங்க ஒவ்வொருத்தரா கெளம்புனாங்க. செல்வின் மட்டும் சேர விட்டு எந்திரிக்கல. ஆறு வருஷம். இனி ஏழாவது.

"சரி கேப்டன்"ன்னாரு. "அடுத்த வருஷத்துக்கு நாளைக்கே ஆரம்பிக்கேன். மொதல்ல என்ன சொல்லித் தருவ?"

"மாடியில யாரு நடக்கான்னு கேக்குறது."

"அதத்தான் இந்த ஒன்பது நாளா சொல்லித் தந்தியே?"

ரெனிட்டா பையை தோள்ல மாட்டுனா.

"நான் சொன்னேன்ணே."