கொம்பையாவின் இரண்டாம் செமஸ்டர்

தகவல் அமைப்பியல் இளங்கலை வகுப்பில் எல்லாருக்கும் வயது பதினெட்டு. கொம்பையாவுக்கு மட்டும் நாற்பத்து நான்கு. ராணுவத்தில் சிக்னல் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வங்கியில் காவலாளி வேலை கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தார். பையன்கள் அவரை அண்ணாச்சி என்றார்கள். அவரைவிடப் பதினோரு வயது இளையவரான ஆசிரியை மெகர்நிஷாவும் அப்படியே அழைத்தார்.

இரண்டாம் செமஸ்டர் தொடங்கிய திங்கட்கிழமை, கொம்பையா ஒரு கடிதத்தோடு வந்து நின்றார்.

"கணினி அறிவியல் வகுப்புக்கு மாறிக்கிறேன் மேடம். நீங்க கையெழுத்துப் போடணும்."

"ஏன் அண்ணாச்சி?"

"மூணு வருசப் பாடத்திட்டத்தையும் எண்ணிப் பார்த்துட்டேன். மொத்தம் முப்பத்தாறு பேப்பர். புரோகிராம், டேட்டாபேஸ், நெட்வொர்க் எல்லாம் சேர்த்தாலும் பதினாலுதான். மிச்சம் பூரா மேலாண்மை, புள்ளியியல், அமைப்புப் பகுப்பாய்வு, எப்படிப் பேசணும், எப்படிக் கேக்கணும்னு ஒரு பேப்பர். கம்ப்யூட்டர் படிக்க வந்தவனுக்கு இதெல்லாம் எதுக்கு மேடம்?"

மெகர்நிஷா மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த திங்கள்தான் கடைசி நாள். அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல குடுங்க. அதுவரைக்கும் நீங்க என் மாணவர்தானே?"

"ஆமா மேடம்."

"அப்போ ஒரு உதவி. கால்நடை ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்க ஒரு சாப்ட்வேர் கேட்டிருக்காங்க."

கொம்பையாவுக்கு மீசை துடித்தது. "ரெண்டு நாள் போதும்."

சொன்னபடியே முடித்தார். வியாழக்கிழமை காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் மேசை போட்டு, மடிக்கணினியைத் திறந்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

முதல் ஆளாக மாடத்தி என்கிற பெண் வந்தாள். கையில் வெள்ளாடு.

"ஆட்டுக்கு வயசு?"

"போன கோயில் கொடைக்கு முந்தின கொடைக்குப் பொறந்தது."

கொம்பையா விரல்விட்டு எண்ணினார். "என்ன இனம்?"

"பார்த்தா தெரியலையா? ஆடுதான்."

"போன் நம்பர்?"

"போனு மகன்கிட்ட இருக்கு. மகன் திருப்பூர்ல இருக்கான்."

நம்பர் இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது. அவரே எழுதிய புரோகிராம்தான். அரை மணி நேரத்தில் நான்கு டோக்கன் கொடுத்தார். வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. மாடுகள் கத்தின. ஒரு கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதன் பின்னால் ஆறு பேர் ஓடினார்கள்.

உள்ளேயிருந்து கம்பவுண்டர் இசக்கியப்பன் வந்தார். முழங்கை வரை சாணி.

"அடுத்த ஆளைக் கூப்பிடணும்னா இந்தப் பொத்தானை அமுக்கணும் சார்," என்றார் கொம்பையா.

இசக்கியப்பன் கையை நீட்டிக் காட்டினார். "இந்தக் கையாலயா?"

பிறகு அவர் பாட்டுக்கு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "செவலப் பசு வா! அந்தக் கருத்த கிடா அப்புறம்!"

கூட்டம் சிரித்தது. கொம்பையா மடிக்கணினியை மூடினார்.

மத்தியானம் மெகர்நிஷாவிடம் வந்தார். "புரோகிராம்ல ஒரு பிழை கிடையாது மேடம். அங்க இருக்கவங்களுக்குத்தான் தெரியல."

"நாளைக்கும் நாளன்னைக்கும் அங்க போய் உக்காருங்க அண்ணாச்சி. கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு நோட்டு போதும்."

"உக்காந்து?"

"சும்மா உக்காருங்க."

வெள்ளிக்கிழமை முழுக்கக் கொம்பையா வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்தார். முதல் ஒரு மணி நேரம் கோபம்தான் இருந்தது. அப்புறம் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இசக்கியப்பன் வாய்க்கு வந்தபடி கூப்பிடவில்லை. எழுந்திருக்க முடியாத மாட்டை முதலில் கூப்பிட்டார். அதன்பிறகு பதினோரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களை. மற்றவர்கள் கடைசியில்.

"இது எங்க எழுதியிருக்கு சார்?" என்று டீ குடிக்கும்போது கேட்டார்.

"எதை எழுதணும்?" என்றார் இசக்கியப்பன். தனக்கு ஒரு முறை இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

சனிக்கிழமை கொம்பையா நோட்டில் கோடு கிழித்து எண்ணினார். எத்தனை ஆடு, எத்தனை மாடு, எத்தனை பேர் பஸ்ஸுக்கு அவசரப்படுகிறார்கள். அம்பும் பெட்டியுமாகப் படம் போட்டார். சாயங்காலம் கல்லூரி நூலகத்தில் அமைப்புப் பகுப்பாய்வுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். நூலகர் தூசி தட்டிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். திங்கட்கிழமை காலை மறுபடியும் மேசை போட்டார்.

இந்த முறை திரையில் கேள்வி எதுவும் இல்லை. மாடு, ஆடு, கோழி, நாய் என்று நான்கு படங்கள். கீழே படுத்துக்கிடக்கும் மாடு ஒன்று, பஸ் ஒன்று. வந்தவர்கள் படத்தைத் தொட்டார்கள். சீட்டு வந்தது. உள்ளே இசக்கியப்பனின் காலடியில் தையல் மிஷினுக்கு இருப்பது போல ஒரு மிதி. அவர் மிதித்தார். வாசலில் இருந்த ஒலிபெருக்கி அவர் குரலிலேயே பேசியது.

"ஏழாம் நம்பர் வா! ஆட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வா!"

ஞாயிறு மாலை அவர் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்த குரல் அது. தன் குரலைத் தானே கேட்டு இசக்கியப்பன் வெளியே ஓடிவந்தார். ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே ஓடிப்போய் மறுபடியும் மறுபடியும் மிதித்தார். எட்டாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் ஒன்றாக நுழைந்து வாசலில் முட்டிக்கொண்டன. கூட்டத்துக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

கொம்பையா கல்லூரிக்கு வரும்போது மணி ஆறு. மெகர்நிஷா அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ் அஞ்சு மணிக்கே மூடியாச்சு அண்ணாச்சி. கடிதம் என்னாச்சு?"

"சட்டைப் பையில இருந்தது மேடம். ஒரு வெள்ளாடு தின்னுட்டுது."

"நீங்க பார்க்கலையா?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

மெகர்நிஷா சிரித்துவிட்டார். கொம்பையாவும் சிரித்தார். பிறகு நோட்டைத் திறந்து, மேலதிகாரிக்கு அறிக்கை சொல்வது போல விறைப்பாக நின்று வாசித்தார்.

"இன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த உயிர் நூத்திப் பன்னிரண்டு. அத்தனைக்கும் டோக்கன் குடுத்தாச்சு. பஸ்ஸுக்குப் போறவங்க எல்லாருக்கும் பதினோரு மணி பஸ் கிடைச்சது. விட்டுப்போனது ஒண்ணுகூட இல்ல மேடம்."

"ரொம்பச் சந்தோஷம் அண்ணாச்சி," என்றார் மெகர்நிஷா. "சீக்கு வந்தும் ஆஸ்பத்திரிக்கே வராதது எத்தனை?"

கொம்பையா நோட்டைப் பார்த்தார். நோட்டில் இல்லை. பேனாவை எடுத்தார். ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினார்.