பென்சில் படாத புத்தகம்

பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் அறிவியலில் தோற்றார்கள்.

"பிள்ளைங்களுக்கு வாசிக்கவே தெரியல. தமிழம்மா என்னதான் செய்றாங்களோ," என்று அறிவியல் ஆசிரியர் தில்லைநாயகம் தலைமையாசிரியையிடம் சலித்துக்கொண்டார். தற்காலிகத் தமிழாசிரியை கோமளவல்லியை வேலையிலிருந்து நிறுத்திவிடத் தலைமையாசிரியை முடிவு செய்தார்.

"போயிடறேன் மேடம். ஒரு பிள்ளையை மட்டும் வாசிக்கச் சொல்லிப் பாருங்க," என்று கோமளவல்லி புத்தம்புது அறிவியல் புத்தகத்தை நீட்டினாள்.

அறிவியலில் தோற்ற மாணவி ரெஜினாவை அழைத்தார்கள். அவள் ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசித்தாள்.

"வேர்லேர்ந்து இலைக்குத் தண்ணி எப்படிப் போகுது?" என்று தலைமையாசிரியை கேட்டார். விடை அந்தப் பக்கத்திலேயே இருந்தது.

ரெஜினா பக்கத்தை மேலும் கீழும் தேடினாள். "இதுல சார் இன்னும் பென்சில்ல குறிச்சுத் தரலையே மேடம். எதுலேர்ந்து எதுவரைக்கும் விடைன்னு எப்படித் தெரியும்?"

"குறிக்காத வரியெல்லாம்?"

"அதைப் படிக்க வேணாம்னு சார் சொல்லியிருக்காங்க."

தலைமையாசிரியை அருகில் நின்ற தில்லைநாயகத்திடம் கையை நீட்டினார். "பென்சிலைக் கொடுங்க சார். தமிழம்மா இருக்கட்டும்."