அருவிக்கடியில் ஒரு வாளி

“‘ஜன்னலுக்கு வெளியே அருவி கொட்டுது, பாத்ரூம்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல!’ இந்த மேடம் இப்படிக் கத்துறாங்க. நீ என்ன வேடிக்கை பார்த்துட்டிருந்தியா?”

நான் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல், ரூம் சுத்தம் செய்யும் மரியபுஷ்பத்தின் மேல் எறிந்தார் ரிசார்ட் மேனேஜர் கிரிதரன். என்னமோ அவள்தான் தொட்டித் தண்ணீரைக் குடித்துத் தீர்த்த மாதிரி! தீம் பார்க்குக்குள்ளேயே தங்கலாம் என்று கூட்டி வந்த என் வீட்டுக்காரர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். தலை நிறைய ஷாம்பு நுரையோடு நின்றேன் நான்.

“ஊரெல்லாம் தண்ணிப் பஞ்சம், மேடம்” என்று என்னிடம் குழைந்தவர் அவளிடம் சீறினார். “எங்கேருந்தாவது கொண்டு வா. இல்லேன்னா கழுத்துல இருக்கிற கார்டைக் கழட்டிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போ.”

“சரிங்க சார்.”

நேரே போய், கலர் விளக்குப் போட்ட அந்தச் செயற்கை அருவிக்கடியில் வாளியை வைத்தாள். குளிக்காத குடும்பங்கள் பால்கனியிலிருந்து பார்த்தன. அவ்வளவுதான். வாளி, மக், குப்பைக்கூடை என்று தண்ணி லாரிக்கு நிற்கிற வரிசை அங்கேயும் முளைத்தது.

“என்ன அசிங்கம் இது?”

“எங்கேருந்தாவதுன்னு சொன்னீங்களே சார். இதுதான் பக்கத்துல இருந்துச்சு.”

கிரிதரன் ஓடிப்போய் அருவியை நிறுத்தினார். உடனே எல்லா ரூமிலும் குழாய் பொத்துக்கொண்டு கொட்டியது. பஞ்சம் எங்கிருந்து வந்ததென்று எல்லாருக்கும் புரிந்தது.

கைதட்டிய கூட்டம் அப்படியே குளிக்க ஓடியது, முதல் ஆளாக என் வீட்டுக்காரர். கிரிதரன் அவள் கழுத்திலிருந்து கார்டை உருவினார். சாத்திய கதவுகளைப் பார்த்துக் கத்தினேன்.

“அவ வேலையைப் பறிக்கிறாருங்க! யாராவது வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!”