பிஸ்டனைப் பின்னால் இழுப்பது யார்?

"பிரேக்குல இருந்து காலை எடுத்தாச்சு அம்மிணி. ஆனா சக்கரம் விடமாட்டீங்குது!"

இப்படிக் கத்திக்கொண்டுதான் ஆறுச்சாமி பட்டறைக்குள் நுழைந்தார்.

மேட்டுப்பாளையத்தில் பிரேக் வேலை மட்டும் பார்க்கிற பட்டறை அது. நடத்துகிறவள் ஷாகிதா. நாற்பதைத் தொடாத வயது. ஆறுச்சாமியோ அறுபதைத் தாண்டியவர், மலைப் பாதையில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். "நான் மிதிக்காத பிரேக்கா?" என்று எகத்தாளம் பேசிய அதே மனுஷன்தான், இந்த ஒரு மாதமாக அவளிடம் வேலை கற்றுக்கொள்கிறார்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தைக் கவ்வுகிற பாகம் காலிப்பர்; பழைய இரும்புக் கடையில் வாங்கிய அப்படி இரண்டைத் தன் கையாலேயே புதுசாக்கி மகளுடைய காரில் மாட்டவேண்டும். அப்படி ஒரு வைராக்கியம். தேய்த்தார், சிவப்புப் பெயின்ட் அடித்தார், மாட்டினார். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. ஓட்டிப் பார்த்தால் சக்கரம் தோசைக்கல்லாய்க் கொதிக்கிறது.

"அப்படி என்னங்ணா அவசரம்?"

"திங்கக்கிழமை எம்மக சிந்துஜா கோத்தகிரிப் பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சேரோணும். மலையில தனியா ஓட்டீட்டுப் போறேங்கறா. விட்டுருவனா? நானும் பக்கத்துல உக்காந்து போவேன்."

"தினமுமா?"

"தினமுந்தான். அப்படீன்னா வேலையே வேண்டாங்கறா, கழுதை!"

ஷாகிதா கார்ச் சக்கரத்தருகே உட்கார்ந்தாள். காலிப்பரைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"மிதிச்சா ஆயில் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடைத் தள்ளும். பேடு போய்ச் சக்கரத்து டிஸ்க்கைக் கவ்வும். சரிங்களா?"

"சரி."

"காலை எடுத்தா, பிஸ்டனைப் பின்னால இழுக்கறது யாருங்ணா?"

ஆறுச்சாமி சிரித்துவிட்டார்.

"இது ஒரு கேள்வியா? ஸ்பிரிங்குதான்."

"எடுத்துக் காட்டுங்க."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, ஆறுச்சாமி அங்கேதான் சறுக்கினார். பிஸ்டனை வெளியே எடுத்தார். காலிப்பரைக் கவிழ்த்துத் தட்டினார். டார்ச் அடித்துப் பார்த்தார். விரலை விட்டுத் துழாவினார். ஸ்பிரிங் இல்லை.

"எவனோ களவாண்டுட்டான் அம்மிணி!"

"புதுசுலயே கிடையாதுங்ணா."

"அப்ப ஆயிலே இழுத்துக்குமோ?"

"ஆயிலுக்குத் தள்ளத்தான் தெரியும்."

முப்பது வருஷத்தில் எத்தனை லட்சம் தடவை காலை எடுத்திருப்பார்! ஒவ்வொரு தடவையும் சக்கரம் விட்டிருக்கிறது. எது விடவைத்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தெரிந்தே தீரவேண்டும் என்ற ஆசை வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. மத்தியானச் சோறு மறந்தே போச்சு.

பிஸ்டன் உட்காரும் குழிக்குள் சுற்றிலும் வெட்டிய பள்ளமாக ஒரு காடி. காடிக்குள் ஒரு ரப்பர் வளையம், ஆயில் கசியாமல் இருக்க. இத்தனை தேய்த்தவர் அதை மட்டும் சீண்டவே இல்லை. வெளியே தெரியாத இடத்துக்கு என்ன அலங்காரம் என்று விட்டிருந்தார். இப்போது ஊசியால் நெம்பினார். முறுக்கு மாதிரி ஒடிந்தது. அடியில் காடி முழுக்கத் துரு.

ஷாகிதா புது வளையம் ஒன்றைக் கொடுத்தாள்.

அதைப் பிஸ்டனில் மாட்டி, வளையத்தின் வெளி விளிம்பை விரல்களால் இறுக்கிக்கொண்டு, பிஸ்டனை லேசாகத் தள்ளினார். வளையம் கூடவே சாய்ந்தது. தள்ளுவதை நிறுத்தினார். வளையம் நிமிர்ந்தது, பிஸ்டனையும் இழுத்துக்கொண்டு. ஒரு முடி அகலந்தான்.

"அடங்கொப்புரானே! இந்த ரப்பரா?"

ஷாகிதா துரு சுரண்டுகிற கம்பியை அவர் கையில் வைத்தாள். இரண்டு காடியையும் அவர் சுரண்டி, புது வளையம் போட்டு மாட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் காலை சிந்துஜா காரை ஓட்டினாள். ஆறுச்சாமி பக்கத்தில், ஷாகிதா பின்னால். அடிவாரம்வரை போய், பஸ் ஸ்டாப் ஓரமாக நிறுத்தினார்கள். ஷாகிதா இறங்கி இரண்டு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தாள்.

"ரெண்டும் விட்டுருச்சுங்ணா."

ஆறுச்சாமியின் முகம் பூரித்துப்போனது. ஷாகிதா அவர் பக்கத்துக் கதவைத் திறந்து, கீழே பார்த்தாள்.

"இது இன்னும் விடலீங்களே?"

ஆறுச்சாமி குனிந்தார். அவருடைய வலது கால் காரின் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, கட்டைவிரல் வளைகிற அளவுக்கு. அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாது. வண்டி நின்றும் வெகு நேரமாச்சு.

காலைத் தூக்கினார். கெண்டைக்கால் வலித்தது.

இறங்கிக் கதவைச் சாத்தினார்.

"எங்கப்பா போறீங்க?"

"நானும் அம்மிணியும் பஸ்ஸுல போயிக்கறோம். நீ ஒரு எட்டு கோத்தகிரி போயிட்டு வா சாமி."